கேட்டதெல்லாம் கொடுக்கிறார்கள், கேட்காமல் முடிவெடுக்க மட்டும் முடியவில்லை. நம் வயதினருக்குச் சுதந்திரம் என்பது என்ன?

நொய்யல்கரைப் பெண் (திருப்பூர்) எழுதிய கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். நான் அவிநாசி பக்கத்தில் ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள், வயது 24. ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து ஓர் ஆர்டர் வந்தால் நூல் எப்போது வாங்குவது, துணி எந்தச் சாயப்பட்டறைக்குப் போவது, மாதிரி உடுப்பு எந்தத் தேதியில் கப்பலுக்கு முன்னால் வாடிக்கையாளர் கைக்குச் சேர வேண்டும் என்பதையெல்லாம் நான்தான் முடிவு செய்கிறேன். லேப் டிப்பில், அதாவது சாயமிடுவதற்கு முன் காட்டும் நிற மாதிரியில், ஒத்துக்கொண்ட நிறத்திலிருந்து துணி சற்றே மங்கி வந்தாலும், அந்த முழு லாட்டையும் நிறுத்திவைக்கச் சொல்லும் அதிகாரம் எனக்கு உண்டு. ஆனால் என் சம்பளம் வந்து சேரும் கணக்கின் ஏடிஎம் அட்டை அப்பாவிடம் இருக்கிறது. கல்லூரியில் சேர்ந்தபோது உதவித்தொகைக்காகத் தொடங்கிய கணக்கு அது. அதில் பதிவாகியிருப்பதும் அப்பாவின் கைப்பேசி எண்தான்.

வீட்டில் என்னைக் கொடுமைப்படுத்துவதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். அண்ணனுக்குச் செய்த செலவைக் குறைக்காமல் எனக்கும் செய்து படிக்கவைத்தார்கள், வேலைக்குப் போக வண்டி வாங்கிக் கொடுத்தார்கள், நான் கேட்டு அவர்கள் மறுத்த பொருள் என்று எதையும் நினைவிலிருந்து எடுத்துச் சொல்ல முடியாது. "உனக்கு என்ன சுதந்திரம் குறைஞ்சு போச்சு அம்மணி?" என்று அப்பத்தா கேட்கும்போது எனக்குப் பதில் வருவதில்லை. கேட்டால் எல்லாம் கிடைக்கிறது என்பது உண்மை. ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் பெற வேண்டும் என்பதும் அதே அளவுக்கு உண்மை. இப்போது நிறுவனத்தின் பெங்களூரு அலுவலகத்துக்கு மாற்றலாகிப் போகும் வாய்ப்பு வந்திருக்கிறது. அதே நேரத்தில் வீட்டில் ஜாதகத்தை வெளியே எடுத்துவிட்டார்கள். இரண்டில் எதைப் பற்றியும் என் கருத்தை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவும் இல்லை.

வேலைக்குப் போகும்போது தினமும் குமரன் சாலையைக் கடக்கிறேன். சென்னிமலையில் 1904-இல் பிறந்த அந்த மனிதர், 1932 ஜனவரியில் இந்த ஊர்த் தெருவில் கொடியைப் பிடித்தபடி தடியடி பட்டு இறந்தபோது அவருக்கு வயது 27. என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர். அவருக்கு எதிரில் நின்றது யார் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்திருக்காது. எனக்கு எதிரில் நிற்பவர்கள் என்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள், நான் காய்ச்சலில் படுத்தால் இரவெல்லாம் விழித்திருப்பவர்கள். அவர்களிடமிருந்து எதைக் கேட்பது, அதை எந்தப் பெயரால் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

என் தோழிகளில் ஒருத்தி விரும்பிய உடையை உடுத்துவதே சுதந்திரம் என்கிறாள். இன்னொருத்தி, தான் எங்கே இருக்கிறோம் என்பது கைப்பேசி வழியே வீட்டுக்குத் தெரியாமல் ஒரு மாலைப்பொழுது இருந்தால் போதும் என்கிறாள். இருபதுகளில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். பெரியவர்களும் சொல்ல வேண்டும்: நாங்கள் கேட்பதில் உங்களை அச்சுறுத்துவது எது?

ஈரோடு வாசகி எழுதியது:

அம்மணி, வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் என்பதால் எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன். கணக்கு உங்கள் ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால் அதன்மேல் வேறு யாருக்கும், பெற்ற தகப்பனாருக்கும்கூட, எந்த உரிமையும் கிடையாது. ஆதார் அட்டையோடு கிளைக்கு நேரில் போய்ப் படிவம் எழுதிக் கொடுத்தால் கைப்பேசி எண்ணை மாற்றித் தருவார்கள். பழைய அட்டையை முடக்கிப் புதிய அட்டை கேட்கவும் வழி உண்டு. இதற்கு வேறு யாருடைய கையெழுத்தும் வேண்டாம். இதை நீங்கள் வீட்டுக்குத் தெரியாமல் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொல்லிவிட்டுச் செய்யலாம், ஆனால் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியபோது, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அவரவர் கணக்கிலேயே வரத் தொடங்கியது. பாஸ்புக்கில் பதிவு போட வந்து, வரிசையில் நின்றபடியே அந்த ஒற்றை வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கூடவே வந்த அண்ணன் அந்தப் பாஸ்புக்கை வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். அரசு கொடுக்கும் பணம் வங்கிக் கவுண்டர் வரை வந்துவிடுகிறது. அங்கிருந்து அந்தப் பெண்ணின் கைக்குப் போக வேண்டிய மிச்சத் தூரம் இருக்கிறதே, அதைச் சட்டத்தாலும் திட்டத்தாலும் கடக்க முடிவதில்லை.

சொத்துக்கும் இதே கதைதான். பெண்ணுக்கும் ஆணுக்கும் சமமான சொத்துரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அந்த இயக்கத்தைத் தொடங்கிய பெரியார் எங்கள் ஈரோட்டுக்காரர். அந்தத் தீர்மானம் தமிழ்நாட்டில் சட்டமாக 1989 வரை, அறுபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன்பே மணமாகிவிட்ட பெண்களுக்குப் பொருந்தாது. பிறகு 2005-இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டது. பூர்வீகச் சொத்தில் மகளின் உரிமை பிறப்பாலேயே வருவது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாகச் சொன்னது. இத்தனைக்குப் பிறகும் நம் பக்கத்தில் என்ன நடக்கிறது? கல்யாணம் முடிந்த சில வருடங்களில் அக்கா தங்கைகளைக் காரில் அழைத்துப்போய், சார் பதிவாளர் அலுவலகத்தில், சொத்தில் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மதியம் நல்ல ஓட்டலில் சாப்பாடு போட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். கையெழுத்துப் போடாத பெண்ணுக்குப் பிறந்த வீட்டுச் சீர் நின்றுபோகும்.

ஆகவே உடை, நேரம், கைப்பேசி எல்லாவற்றையும் பிறகு பேசலாம். உங்கள் பெயரில் உங்கள் பணம் இருக்கட்டும். பெங்களூருக்குப் போவது என்றாலும், போகாமல் இங்கேயே இருப்பது என்றாலும், வருகிற மாப்பிள்ளையை வேண்டாம் என்பது என்றாலும், கையில் காசு இருக்கிறவள் சொல்லும்போதுதான் அது முடிவு. மற்றவள் சொன்னால் அடம் என்பார்கள்.

கொரங்காட்டுக்காரன் (காங்கேயம் பக்கம்) எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். எனக்கு வயது 28. இயந்திரப் பொறியியல் படித்து, கோவையில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் சில காலம் வேலை செய்துவிட்டு, இப்போது தோட்டத்தைப் பார்க்கிறேன். ஊரைவிட்டுப் போவதையே சுதந்திரம் என்று எல்லோரும் சொல்லும்போது, ஊரிலேயே இருக்க விரும்பும் என்னைப் போன்றவனின் குரல் காதில் விழுவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

எங்களுக்குக் கொஞ்சம் வாய்க்கால் பாசனமும் மிச்சம் கொரங்காடுமாக இருக்கிறது. கிளுவை வேலி போட்டு, வெள்வேல மரங்களுக்கு நடுவில் கொழுக்கட்டைப் புல்லை வளரவிட்டு, அதில் மாட்டையும் ஆட்டையும் மாற்றி மாற்றி மேயவிடுகிற முறை இது. மழை குறைந்த ஆண்டிலும் கைவிடாது. இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. அதிகாலையில் மாடு பிடித்துக் கட்டும்போது இருக்கிற நிறைவு, மாதச் சம்பளத்தில் எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. ஆனால் பெண் பார்க்கப் போகிற இடமெல்லாம் முதல் கேள்வி, மாப்பிள்ளை மாதம் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பது. தோட்டம் என்றதும் பேச்சு நின்றுவிடுகிறது. எங்கள் ஊரில் முப்பத்தைந்தைத் தாண்டியும் திருமணமாகாமல் இருக்கும் அண்ணன்கள் பலர். பாலக்காடு வரை போய்ப் பெண் எடுத்து வந்தவர்களும் இருக்கிறார்கள். பெண்கள் தோட்டத்தை மறுப்பதில் எனக்குக் கோபம் கிடையாது. தோட்டத்து வீட்டில் மருமகளின் வேலை எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்பதை என் அம்மாவைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

நான் சொல்ல வருவது வேறு. சொந்தமாக முடிவெடுப்பவனாகத் தெரியும் ஆண் பிள்ளைக்கும் முடிவு ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது: பொறியியல், வெளியூர், தவணையில் கார், அதற்குப் பிறகு ஜாதகம். என் வயது நண்பர்களில் பாதிப் பேருக்குச் சம்பளம் வந்த வாரத்திலேயே தவணைகளுக்குப் போய்விடுகிறது. பிடிக்காத வேலையை விட்டுவிட அவர்களால் முடியாது, ஏனென்றால் அடுத்த மாதத் தவணை நிற்கும். விரும்பியதை வாங்குவது சுதந்திரம் என்று நம்பித்தான் அவர்கள் அந்தக் கயிற்றில் கழுத்தைக் கொடுத்தார்கள். ஈரோட்டு அம்மா பணம் முதலில் என்றார், அதை மறுக்கவில்லை. பணம் எதற்குக் கட்டுப்பட்டிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

ஓவர்லாக் அக்கா (திருமுருகன்பூண்டி) எழுதியது:

நான் அதிகம் படித்தவள் இல்லை. இதை என் மகள் தட்டச்சு செய்து தருகிறாள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் சொந்த ஊர் தேனிப் பக்கம். பதினாறு வயதில் ஒரு நூற்பாலைக்கு மூன்று வருட ஒப்பந்தத்தில் அனுப்பப்பட்டேன். வேலை முடிகிறபோது மொத்தமாக ஒரு தொகை கிடைக்கும், அதை வைத்துக் கல்யாணம் செய்துவிடலாம் என்று வீட்டுக்கு வந்த ஆள் சொன்னார். சுமங்கலித் திட்டம் என்று பின்னால் எல்லோரும் பேசியது இதைத்தான். ஆலைக்குள்ளேயே விடுதி, வெளிக்கதவு எங்களுக்காகத் திறக்காது. மாதத்தில் ஒருநாள் வேனில் ஏற்றிக் கடைவீதிக்குக் கூட்டிப்போய், சோப்பும் ஹேர்பின்னும் வாங்கியதும் எண்ணிப் பார்த்துத் திரும்ப ஏற்றுவார்கள். வீட்டுக்குப் பேச வேண்டும் என்றால் வார்டன் அறையில் நின்று பேச வேண்டும், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அம்மா "நல்லா இருக்கியா" என்று கேட்பாள், "நல்லா இருக்கேன்" என்பேன். பஞ்சுத் தூசியில் இருமல் வந்து நடுவில் போக நினைத்தவர்களுக்கு அந்த மொத்தத் தொகை கிடையாது என்றார்கள். அதனால் இருமிக்கொண்டே இருந்தோம். கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-லேயே சட்டம் வந்துவிட்டது என்று பல வருடம் கழித்து ஒரு தொழிற்சங்கக் கூட்டத்தில்தான் கேள்விப்பட்டேன். எங்களைப் பயிற்சி பெறுபவர்கள் என்று ஏட்டில் எழுதியிருந்தார்களாம்.

இப்போது திருப்பூரில் ஓவர்லாக் தைக்கிறேன். வேலை அதிகம் இருந்தால் ஒன்றரை ஷிப்ட் போகும், உடம்பு வலிக்கும். ஆனால் சனிக்கிழமை சம்பளம் என் கையில் வாங்குகிறேன். ஒரு கம்பெனியில் ஏசினால் அடுத்த வாரம் வேறு கம்பெனிக்குப் போக முடிகிறது. 2021-இல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆன பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலையில் பேருந்தில் ஏறி எங்காவது போய்விட்டு வருவேன். ஒருநாள் அவிநாசிக் கோயில், ஒருநாள் சும்மா கடைசி நிறுத்தம் வரை. யாரையும் பார்க்கவோ எதையும் வாங்கவோ வேண்டியதில்லை. எங்கே போகிறாய் என்று கணவர் கேட்டால் "பஸ்ஸுக்கு" என்பேன்.

தங்கச்சி, உன் கேள்வியைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. நான் பட்டதைப் பார்த்துவிட்டு உன் பாடு ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதே. பூட்டியவர்கள் எனக்கு யாரோ; உனக்கு உன் வீட்டார். யாரோ பூட்டினால் அவர்களைத் திட்டவாவது முடியும். என் மகள் இந்த வருடம் பன்னிரண்டாவது முடிக்கிறாள். என்ன படிக்கப் போகிறாய் என்று அவளிடம் கேட்டேன், அவள் சொன்னது எனக்குப் புரியவில்லை. ஆனாலும் சரி என்றேன்.

இரண்டு பெண்களின் தகப்பன் (கோபிசெட்டிபாளையம்) எழுதியது:

பெரியவர்களை அச்சுறுத்துவது எது என்று நேரடியாகக் கேட்டிருக்கிறீர்கள், நேரடியாகவே சொல்கிறேன். என் பெண்கள் இருவரின் அறிவிலும் நடத்தையிலும் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. அச்சம் அவர்களைப் பற்றியது இல்லை, ஊரைப் பற்றியது. ஒரு பெண் தானாக ஒரு முடிவெடுத்து அது தவறிப்போனால், பெற்றவர்கள் பார்த்துச் செய்து தவறிப்போனதைப் போல் இந்த ஊர் அதை எடுத்துக்கொள்ளாது. பெரியவர்கள் செய்த சம்பந்தம் முறிந்தால் இரண்டு பக்கத்துப் பங்காளிகளும் உட்கார்ந்து பேசுவார்கள், பிறந்த வீட்டுக் கதவு திறந்திருக்கும். அவளாகத் தேர்ந்துகொண்டது முறிந்தால் "அவளாகத்தானே போனாள்" என்ற ஒரே வரியில் எல்லோரும் கையைக் கழுவிவிடுவார்கள். நாளைக்கு நான் இல்லாத காலத்தில் அவளுக்குப் பக்கத்தில் நாலு பேர் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் இன்றைக்கு அந்த நாலு பேருக்குப் பயப்படுகிறேன். இதைக் கோழைத்தனம் என்று இளையவர்கள் சொல்லலாம். நீங்களும் ஒருநாள் பிள்ளைகளை வளர்ப்பீர்கள்.

சம்பளக் கணக்கைப் பொறுத்தவரை உங்கள் தகப்பனார் அந்தப் பணத்தைத் தொட்டிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். உங்கள் கல்யாணத்துக்கு நகையாகவோ வைப்புத்தொகையாகவோ சேர்ந்துகொண்டிருக்கும். நம் பக்கத்துத் தகப்பன்கள் இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கேட்டுப் பாருங்கள்.

கோவைச் சட்ட மாணவன் எழுதியது:

ஐயா, மரியாதையோடு ஒன்று சொல்கிறேன். நீங்கள் ஊர், பங்காளி, நாலு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். சாதி என்று எழுதவில்லை. இந்தப் பக்கத்தில் பெண்ணின் முடிவு என்றாலே பெற்றவர்களின் தூக்கம் போவதற்குக் காரணம் அதுதானே? 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்துக்கு அருகில், சாதி கடந்து மணந்துகொண்ட 22 வயதுப் பொறியியல் மாணவர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டதை நாம் எல்லோரும் கேமராப் பதிவில் பார்த்தோம். வெட்டுப்பட்டுப் பிழைத்த அவருடைய மனைவி, தன் சொந்தக் குடும்பத்துக்கு எதிராகவே நீதிமன்றத்தில் நின்று சாட்சி சொன்னார். அப்போது அவர் இங்கே கேள்வி கேட்ட சகோதரியைவிட இளையவர்.

வயது வந்த இருவர் மணந்துகொள்ள முடிவு செய்தால் அதற்குக் குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ குலத்தின் சம்மதமோ தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நாலு பேருக்குப் பயப்படுவதாகச் சொல்கிறீர்கள். அந்த நாலு பேரில் ஒருவராக, வேறொரு வீட்டுப் பெண்ணைப் பற்றிப் பேச்சு வரும்போது நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதும் இதில் அடக்கம். "அவளாகத்தானே போனாள்" என்று முதலில் சொல்லாமலிருக்கும் ஒருவர் அந்தத் திண்ணையில் இருந்தால், அடுத்தவர் அதைச் சொல்லத் தயங்குவார்.

இரண்டு பெண்களின் தகப்பன் எழுதியது:

தம்பி, நீங்கள் சொல்வது எனக்குத் தெரியாததில்லை. தெரிந்ததால்தான் தூக்கம் போகிறது. திண்ணையைப் பற்றிச் சொன்னதை யோசிக்கிறேன்.

நொய்யல்கரைப் பெண் எழுதியது:

எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஓவர்லாக் அக்கா எழுதியதை அலுவலகத்தில் உட்கார்ந்து படித்துவிட்டுச் சற்றுநேரம் வேலை ஓடவில்லை. எங்களுக்கு வரும் நூல் எந்த ஆலையிலிருந்து வருகிறது என்பது மட்டும் என் தாளில் இருக்கும். அங்கே விடுதிக் கதவு எப்படி இருக்கிறது என்று கேட்கும் இடம் அந்தத் தாளில் இல்லை. வாடிக்கையாளர்களின் ஆய்வாளர்கள் தையல் கூடத்துக்கு வருவார்கள், குடிநீர், கழிப்பறை, தீயணைப்பான் எல்லாம் பார்ப்பார்கள். நூற்பாலை வரை போகிறவர்கள் குறைவு. அடுத்த ஆர்டருக்கு ஆலையைத் தேர்வு செய்யும்போது இதைக் கேட்கும் இடத்தில் நான் இருக்கிறேன், கேட்கப் போகிறேன்.

கோபி ஐயாவுக்கு: நீங்கள் சொன்னபடிதான் இருக்கிறது. அம்மாவிடம் கேட்டேன், அப்பா என் பணத்தில் ஒரு ரூபாய்கூடத் தொடவில்லை, எல்லாம் என் பெயரில் வைப்புத்தொகையாக இருக்கிறதாம். கேட்டதும் கண் கலங்கிவிட்டது. ஆனால் ஐயா, அப்படி ஒரு வைப்புத்தொகை இருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரியாமல்தான் இத்தனை நாள் இருந்திருக்கிறது. எனக்காகச் சேர்த்துவைக்கும் அன்பு என்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லையே, என் குறை அதுதான். உங்கள் பெண்களுக்கு எது இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதை அவர்களிடம் உட்காரவைத்துச் சொல்லுங்கள். நீங்கள் இல்லாத காலத்தில் பக்கத்தில் நிற்பதற்கு நாலு பேரைவிட அது உறுதியானது.

காங்கேயத்து அண்ணா, நீங்கள் எழுதியதில் உங்கள் அம்மாவின் வேலை நேரத்தைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது. பெண் வீட்டார் முன்னால் அந்த ஒரு வரியை நீங்கள் விரிவாகப் பேசினால், பேச்சு நிற்காமல் தொடர்கிற வீடு ஒன்றாவது இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பெங்களூரைப் பற்றி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். வெகுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்வாய் என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பேசுகிறேன். போகலாமா என்று கேட்கப் போவதில்லை, போக முடிவு செய்திருக்கிறேன் என்று சொல்லப் போகிறேன், ஜாதகத்தை ஓர் ஆண்டு உள்ளே வைக்கும்படியும் சொல்வேன். ஈரோட்டு அம்மா, கைப்பேசி எண்ணை மாற்ற நான் கணக்குத் தொடங்கிய கிளைக்கே போக வேண்டுமா, திருப்பூரில் உள்ள கிளையில் கொடுத்தாலும் போதுமா என்று மட்டும் சொல்லுங்கள். சனிக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்திருக்கிறேன்.